கையின் வலுவைக் கொப்பியில் எழுதிப் பாருங்கள்

தேகப்பயிற்சி பற்றி எம்மவர்களிடம் பேச்செடுத்தால் இரண்டு விதமான விடைகளே பெரும்பாலும் கிடைக்கின்றன. நடுவயதினர், "நாள் முழுவதும் தொழிற்சாலையில் பெட்டி தூக்குகின்றோம், அதற்குமேல் என்ன பயிற்சி?" என்பார்கள். இளைஞர்களோ உடற்பயிற்சிக்கூடத்திற்குப் பணங்கட்டி, ஒரு மாதம் போய்வந்து, கண்ணாடியில் கையைப் பார்த்து, மாற்றம் எதுவுமில்லையென்று நின்றுவிடுவார்கள். இரு சாராருக்கும் நாம் சொல்லவிரும்புவது ஒன்றுதான். கையின் வலு கூடுவது கண்ணுக்குத் தெரியப் பலநாள் செல்லும். எழுதிவைத்தால் அது முன்னரே தெரிந்துவிடும்.

முதலில் தொழிற்சாலைப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஒரே பாரத்தை ஒரே விதமாக நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தடவை தூக்குபவரின் தசை, அந்தப் பாரத்திற்குப் பழகியதும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கின்றது. மூட்டுத் தேய்வும் தோள் நோவும் மாத்திரம் தொடர்கின்றன. துலாமிதித்த காலத்திலும் உலக்கை பிடித்த காலத்திலும் எமக்கு இப்படியில்லையே என்று பெருமூச்செறிவோரும் உளர். அதில் எமக்கு அவ்வளவு உடன்பாடில்லை. அவையும் உடலைத் தேய்த்த வேலைகளே. தசை வளரவேண்டுமாயின் பாரம் படிப்படியாகக் கூடவேண்டும். இடையில் ஓய்வும் வேண்டும். கூலிவேலை இவ்விரண்டையும் தருவதில்லை.

பாரத்தைப் படிப்படியாகக் கூட்டும் இம்முறையை மருத்துவத்தில் நிலைநாட்டியவர் தோமஸ் டிலோர்ம் என்னும் அமெரிக்க இராணுவ வைத்தியர். இரண்டாம் உலகப்போரில் காயமுற்ற படைவீரர்கள் சிக்காகோ நகர இராணுவ மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுத்திருந்தனர். அக்காலத்தில் அத்தகையோருக்கு இலேசான பாரத்தைப் பலதடவை அசைக்கும் பயிற்சியே வழக்கமாக இருந்தது. டிலோர்ம் அதற்கு மாறாகக் கனமான பாரத்தைக் கொடுத்து, வலு கூடக்கூடப் பாரத்தையும் கூட்டினார். 1945ஆம் ஆண்டு தமது முடிவுகளை வெளியிட்டார். பின்னர் அம்முறை மேலும் எளிமையாயிற்று: ஒருவர் பத்துத் தடவை மாத்திரமே தூக்கக்கூடிய பாரம் எதுவோ, அதில் அரைவாசியைப் பத்துத் தடவை, முக்கால்வாசியைப் பத்துத் தடவை, முழுவதையும் பத்துத் தடவை. போரினாற் படுக்கையில் வீழ்ந்தோரை எழுப்புவதற்கு உதவிய முறை இது என்பதனால், போரைக் கண்டு வந்த எமக்கு இதில் ஒரு தனிக் கவனம் உண்டு.

இனி, கண்ணாடி ஏன் ஏமாற்றுகின்றது? தசையென்பது ஆயிரக்கணக்கான இழைகளின் கட்டு. அவற்றுக்குக் கட்டளையிடுவன நரம்புகள். பழக்கமற்ற கையில் நரம்புகள் எல்லா இழைகளையும் ஒருங்கே வேலைக்கு அழைப்பதில்லை. பயிற்சியின் முதல் வாரங்களில் நரம்புகளே இவ்வழைப்பைக் கற்றுக்கொள்கின்றன. 1979இல் மொரித்தானி, டிவ்ரீஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் முழங்கையை மடக்கும் தசைகளை எட்டு வாரம் பயிற்றிப் பார்த்தனர். முதல் மூன்று தொடக்கம் ஐந்து வாரங்கள்வரை கூடிய வலுவின் பெரும்பகுதி நரம்பினாலேயே வந்தது. தசையின் பருமன் பிறகே முன்னுக்கு வந்தது. பயிற்சி பெறாத மறுகையிலும் வலு கூடியமை இதற்கு நல்ல சான்று.

இதைவிட வியப்பானது 1990இல் பொஸ்ரன் நகரிலிருந்து வெளிவந்த ஆய்வு. முதியோர் இல்லமொன்றில் தொண்ணூறு வயதளவிலான பத்துப்பேருக்கு எட்டு வாரம் காற்தசைப் பயிற்சி அளிக்கப்பட்டது. வலு சராசரியாக 174 வீதம் கூடிற்று. தொடைத்தசையின் பருமன் கூடியதோ ஏறத்தாழ 9 வீதம் மாத்திரமே. அம்முதியோரும் கண்ணாடியை மட்டும் நம்பியிருந்தால் பாதியிலே எழுந்து போயிருப்பார்கள்.

எமக்குத் தெரிந்த ஒரு தாய், வயது ஐம்பத்துநான்கு, பேரப்பிள்ளையைத் தூக்கினாற் கை சோர்கின்றதென்று தூக்குவதையே விட்டிருந்தார். பாரத்தூக்கிகள் எவற்றையும் அவர் வாங்கவில்லை. ரொறன்ரோவில் எம்மவர் வீடுகளில் இல்லாத பாரமா? பருப்புப் பொதி 2 றாத்தல், 4 றாத்தல்; நான்கு லீற்றர் பால் நாலு கிலோவுக்குச் சற்றுக் கூட. கைபிடியுள்ள துணிப்பைக்குள் பொதியை வைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, இரண்டு எண்ணும்வரை உயர்த்தி, மூன்று எண்ணும்வரை இறக்குவார். அவருடைய கொப்பியைப் பார்க்கக் கேட்டோம்; கொப்பி பார்ப்பது எமது பழைய தொழிலல்லவா! முதற்பக்கத்தில், "2 றாத்தல், வலது 8, இடது 6." ஐந்தாம் வாரத்தில், "2 றாத்தல், 12, 12." இரண்டிலிருந்து நாலுக்குத் தாவமுடியாதென்று, பைக்குள் ஒரு றாத்தல் சீனியை அளந்து கட்டி மூன்றாக்கியிருக்கிறார். பதினோராம் வாரத்தில், "4 றாத்தல், 9, 8." நூல்நாடாவில் மேற்கையின் சுற்றளவு கூடியது அரைச் சென்ரிமீற்றர்தான். ஆனால் இப்போது பேரனை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மறுகையாற் கதவைத் திறக்கிறார்.

அவர் கைக்கொண்ட விதி எளிது. எட்டுத் தடவையே சிரமப்பட்டுத் தூக்கக்கூடிய பாரத்தில் தொடங்கவேண்டும். பன்னிரண்டு தடவை எட்டியபின் சிறிது கூட்டவேண்டும். வாரத்தில் இரண்டு நாள், நடுவில் ஓய்வு. உலக சுகாதார நிறுவனமும் 2020இல் வெளியிட்ட அறிவுரையில் வளர்ந்தோருக்கு வாரத்தில் இரண்டு நாளேனும் தசைப்பயிற்சி வேண்டுமென்கின்றது. சுற்றளவை மாதத்தில் ஒருமுறை, பயிற்சிக்கு முன்னர், ஒரே இடத்தில் அளந்தாற் போதும். பயிற்சி முடிந்தவுடன் கை சற்று வீங்கியிருப்பதால் அப்போது அளப்பது பொய்க்கணக்கு.

இளைஞர்கள் மடக்கிக் காட்டும் இருதலைத் தசை முன்புறத்தது. மேற்கையின் பெரும்பங்கு பின்புறத்து முத்தலைத் தசையே. அதற்குச் சுவரில் கையூன்றித் தள்ளுவதும், அது இலகுவானபின் சமையலறை மேடையின் விளிம்பில் ஊன்றித் தள்ளுவதும் போதும். புரதத்திற்குப் பருப்பும் கடலையும் முட்டையும் மீனும் தயிரும் இருக்க, விலைகூடிய மாப்பேணிகள் அவசியமில்லை. பொறுமையிழந்தவர்களிடம் இரகசியமாக விற்கப்படும் தசைபெருக்கும் ஊசிகளோ இருதயத்தையும் ஆண்மையையும் கெடுப்பவை. பிள்ளைகளுடன் பெற்றார் இதை வெளிப்படையாகப் பேசவேண்டும்.

இவ்வளவு சிரமம் எதற்கென்றால், முப்பது வயதைத் தாண்டியபின் தசை மெல்லமெல்லக் குறைகின்றது. அறுபதின்பின் அக்குறைவு வேகமாகும். உணவின்பின் இரத்தத்திலேறும் சீனியில் பெரும்பகுதியை உள்வாங்குவதும் தசையே. தெற்காசியருக்கு நீரிழிவு இளவயதிலேயே வருவதை அறிந்த எமக்கு இது சிறு விடயமன்று. 17 நாடுகளில் ஏறத்தாழ 140,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015இல் வெளியான ஆய்வில், கைப்பிடி வலு குறைந்தோரிடையே மரணம் கூடுதலாகக் காணப்பட்டது. கையை இறுக்கினால் ஆயுள் நீளுமென்று இதற்குப் பொருள்கொள்ளலாகாது. கைப்பிடி முழு உடலின் நிலைக்கும் ஓர் அறிகுறி, அவ்வளவே.

தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள். இரத்த அழுத்தம் ஏறும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசையில் மந்தமான நோவு இருப்பது வழமை. மூட்டிலே குத்தும் நோவு வந்தால் நிறுத்திவிடவேண்டும். இருதய நோயுள்ளோரும், நீரிழிவினாற் கண் பாதிக்கப்பட்டோரும் குடும்ப வைத்தியரைக் கேட்டபின்னரே தொடங்கவேண்டும். இன்சுலின் ஏற்றுபவர்கள் பயிற்சிக்கு முன்னும் பின்னும் சீனியை அளந்து, அதையும் அதே கொப்பியில் எழுதிவைப்பது நல்லது.