கிணற்றுச் சிங்கமும் ஆற்றுப் புலியும்

சிங்கத்தை ஏமாற்றிக் கிணற்றில் குதிக்க வைத்த முயலின் கதையை அறியாத தமிழர் உண்டா? நாளுக்கொரு விலங்கு இரையாகச் செல்ல வேண்டும் என்பது காட்டில் ஏற்பட்ட உடன்பாடு. முயல் தன் முறை வந்ததும் தாமதமாகச் சென்று, வழியில் வேறொரு சிங்கம் மறித்ததாகச் சொல்கிறது. கிணற்று நீரில் தெரிந்த தன் நிழலைப் பகைவன் என்று நம்பிச் சிங்கம் பாய்கிறது. பஞ்சதந்திரத்தின் முதற்பகுதியாகிய மித்திரபேதத்தில் வரும் கதை இது.

இக்கதைக்கு நம் நாட்டிலும் ஓர் உறவு உண்டு. சிலாங்கூரில் அரசாங்க அதிகாரியாக இருந்த வால்டர் ஸ்கீட் என்னும் ஆங்கிலேயர், மலாய் மக்களின் வாய்மொழிக் கதைகளைத் தொகுத்து 1901-இல் வெளியிட்டார். அவற்றுள் ஒன்றில் சிங்கத்திற்குப் பதில் கிழட்டுப் புலி வருகிறது. மலாயாக் காட்டில் சிங்கம் ஏது? முயலின் இடத்தில் சருகுமான்; கிணற்றின் இடத்தில் ஆறு. விலங்குகள் உப்பு மண்ணை நக்க வரும் இடமே கதைக்களம்.

என்னை மிகவும் கவர்ந்தது, புதிதாக வரும் சிறிய பறக்கும் அணில். "மூக்கின்மேல் பறக்கும் அணில் அமர்ந்த கொழுத்த புலியொன்று வழியை மறிக்கிறது" என்கிறது சருகுமான். பிறகு அதே அணில் இந்தப் புலியின் மூக்கில் ஏறிக்கொள்ள, மூவரும் ஆற்றுக்குப் போகிறார்கள். நீரில் தெரியும் உருவத்தின் மூக்கிலும் அணில்! புலிக்கு இனி வேறு சாட்சி வேண்டுமா? பொய்க்குச் சான்றையும் சேர்த்துக் கொடுத்தது மலாய்க் கதைசொல்லியின் சாமர்த்தியம்.

பஞ்சதந்திரம் நூல்வழி மலாய்க்கு வந்த பாதைகளுள் இரண்டைக் குறிப்பிடலாம். ஒன்று, 8-ஆம் நூற்றாண்டில் அரபியில் எழுதப்பட்ட 'கலீலா வ திம்னா' வழியாக வந்தது. மற்றொன்று நேராகத் தமிழிலிருந்து வந்தது. தாண்டவராய முதலியாரின் உரைநடைப் பஞ்சதந்திரம் 1826-இல் வெளிவந்தது. 9 ஆண்டுகள் கழித்து, 1835-இல், மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார். அரபு, தமிழ் மரபுகளில் வந்த அவர், மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கணக்கு வழக்கிற்காகத் தமிழ் கற்பது வழக்கம் என்று தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். வாய்மொழிக் கதையோ நூலுக்காகக் காத்திருப்பதில்லை; வணிகரோடும் மாலுமியோடும் கடல் கடந்துவிடும்.

கிள்ளானில் வார இறுதியில் நான் தமிழ் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகள், முயல் கதையைத் தமிழிலும் சாங் கஞ்சில் கதைகளை மலாயிலும் படித்தவர்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்ததில்லை. தமிழ் வீட்டுக்குள் பேசும் மொழி, மலாய் தேர்வுக்குரிய மொழி என்றே அவர்கள் எண்ணுகிறார்கள். இந்நாட்டில் ஒருகாலத்தில் பிறரும் கற்ற மொழி தமிழ் என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

பல்கலைக்கழகத்தில் பயிலும் நாம்தான் சொல்ல வேண்டும். அடுத்த முறை தம்பி தங்கையருக்கு முயல் கதை சொல்லும்போது, அந்த அணில் கதையையும் சேர்த்தே சொல்லுங்கள்.