மூழ்கிய கப்பல், எழும் நிலம்

ஸ்வீடன் என்றதும் நோபல் பரிசும், நள்ளிரவிலும் மறையாத சூரியனும், ஒழுங்கும் வளமும் மிக்க ஆட்சியும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் அந்நாட்டார் தம் மரபுச் செல்வங்கள் என்று பேணிவரும் பொருள்களையும் இடங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், முதல் பயணத்திலேயே கவிழ்ந்த போர்க்கப்பல், இடிந்து விழுந்த செம்புச் சுரங்கம், நொடித்துப்போன வங்கி, கடல் விலகியதால் கைவிடப்பட்ட துறைமுகம் என அவற்றுள் பல ஏதோ ஒரு பிழையின் அல்லது இழப்பின் எச்சங்களாக இருப்பது வியப்பளிக்கும். அவை அழியாமல் எஞ்சியதற்கு மனிதரின் முயற்சி ஒரு காரணம் என்றால், அந்நாட்டின் நிலத்துக்கும் நீருக்கும் உள்ள சில விந்தையான தன்மைகள் மற்றொரு காரணம்.

இவற்றுள் உலகறிந்தது வாசா என்னும் போர்க்கப்பல். பால்டிக் கடலில் போலந்தின் வலிமையை ஒடுக்க முனைந்த இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் மன்னரின் ஆணைப்படி கட்டப்பட்ட இக்கப்பல், இரண்டு அடுக்குப் பீரங்கித் தளங்களும் 64 வெண்கலப் பீரங்கிகளும் நூற்றுக்கணக்கான மரச்சிற்பங்களும் கொண்டு, 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலிருந்து பாய்விரித்துப் புறப்பட்டது. ஒன்றரைக் கிலோமீட்டர்கூடச் செல்வதற்குள் வீசிய மென்காற்றில் ஒருபுறம் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கிச் சாளரங்களின் வழியே நீர் புகுந்து, கரையில் திரண்டிருந்த மக்களின் கண்ணெதிரே அது மூழ்கியது. மேற்பகுதி கனத்தும், நீருக்கடியில் இருக்கும் உடற்பகுதி குறுகியும் இருந்ததால், கப்பலை நிலைநிறுத்தும் அடிப்பாரக் கற்களைப் போதிய அளவு ஏற்ற இடமில்லை என்பதே அடிப்படைக் குறை. இக்குறை முன்கூட்டியே தெரிந்திருந்தது என்பதுதான் கொடுமை: புறப்பாட்டுக்கு முன் முப்பது மாலுமிகளை மேல்தளத்தில் இருபுறமும் மாறி மாறி ஓடவிட்டுச் சோதித்தபோது, கப்பல் கவிழ்ந்துவிடுமோ என்று அஞ்சிய துணைக் கடற்படைத் தலைவர் கிளாஸ் ஃப்ளெமிங் சோதனையையே நிறுத்தினாரே ஒழிய, பயணத்தை நிறுத்தவில்லை. விசாரணை நடந்தும் எவரும் தண்டிக்கப்படவில்லை. கப்பலின் அளவுகளுக்கு ஒப்புதல் தந்தவர் மன்னர், வடிவமைத்த டச்சுத் தச்சரோ ஓராண்டுக்கு முன்பே இறந்துவிட்டார் என்ற நிலையில், யாரைத் தண்டிப்பது என்ற சங்கடம் அந்த முடிவில் வெளிப்படையாகவே தெரிகிறது. பிற்காலத்தில் கப்பலை ஆராய்ந்தவர்கள் தச்சர்களின் அளவுகோல்கள் நான்கினைக் கண்டெடுத்தனர். அவற்றுள் இரண்டு ஸ்வீடிய அடிக்கணக்கிலும், மற்ற இரண்டு அதைவிடக் குட்டையான ஆம்ஸ்டர்டாம் அடிக்கணக்கிலும் அமைந்திருந்தன. ஒரே கப்பலின் இரு பக்கங்களும் ஒத்த அளவில் அமையாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

விலைமதிப்பு மிக்க பீரங்கிகளுள் பெரும்பாலானவை, நீரினுள் காற்றைத் தாங்கி நிற்கும் மணி வடிவக் கலத்தில் முக்குளிப்போரை இறக்கி, 1664–65இல் மேலே கொண்டுவரப்பட்டன. அதன்பின் கப்பல் மறக்கப்பட்டது. வேறு எந்தக் கடலிலேனும் அது கிடந்திருந்தால், கப்பற்புழு எனப்படும் உயிரினம் (பெயரில் புழுவாயினும் உண்மையில் இது மரத்தைத் துளைத்துண்ணும் சிப்பியினம்) சில பத்தாண்டுகளில் மரம் முழுவதையும் அரித்துத் தீர்த்திருக்கும். பெருங்கடல் நீரில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 35 பங்கு உப்பு உள்ளது. எண்ணற்ற ஆறுகளின் நன்னீரை வாங்கிக்கொண்டு, குறுகிய நீரிணைகளின் வழியாக மட்டுமே வெளிக்கடலோடு கலக்கும் பால்டிக்கில், ஸ்டாக்ஹோம் அருகே அது ஐந்தாறு பங்காகக் குறைந்துவிடுவதால், கப்பற்புழு அங்கு வாழ முடிவதில்லை. போதாததற்கு, நகரின் கழிவுநீர் துறைமுக அடிநீரில் உயிர்வளியைக் குன்றச் செய்ததால், மரத்தை மட்கச் செய்யும் நுண்ணுயிர்களின் வேலையும் மந்தமாயிற்று. நகரத்தார் கடலில் கொட்டிய அசுத்தம் அவர்களின் தலைசிறந்த அருங்காட்சியகப் பொருளைக் காத்துத் தந்தது என்பது மிகைக்கூற்று அன்று.

ஆண்டர்ஸ் ஃபிரான்சேன் என்பவர் பழைய ஆவணங்களைத் துருவி, கடலடி மரத்தின் துணுக்கைக் குடைந்தெடுக்கும் கருவியைப் படகிலிருந்து இறக்கித் தேடியதில், 1956இல் கப்பல் கிடந்த இடம் தெரியவந்தது. முக்குளிப்போர் கும்மிருட்டான நீரில் கப்பலுக்கு அடியே சேற்றில் ஆறு சுரங்கங்களைத் தோண்டி, எஃகு வடங்களைச் செலுத்தி, படிப்படியாக உயர்த்தி, 1961 ஏப்ரல் 24 அன்று அதை நீர்மட்டத்துக்கு மேலே கொண்டுவந்தனர். காய்ந்தால் மரம் சுருங்கி வெடித்துவிடும் என்பதால், நீருக்கு மாற்றாக மரத்தினுள் ஊடுருவித் தங்கும் பாலிஎத்திலீன் கிளைகால் என்ற மெழுகு போன்ற வேதிப்பொருளை 17 ஆண்டுகள் தொடர்ந்து தெளிக்க வேண்டியிருந்தது. மடித்து வைத்தபடியே கிடந்த பாய்கள், தோல் காலணிகள், கம்பளித் தொப்பி வைத்த பெட்டி, வெண்ணெய் மிஞ்சியிருந்த பாத்திரம் எனச் சாதாரண மாலுமியின் வாழ்க்கை முழுவதும் அதனுள் அகப்பட்டது. ஆண் என்று நெடுங்காலம் கருதப்பட்ட எலும்புக்கூடு ஒன்று பெண்ணுடையது என்று மரபணு ஆய்வு 2023இல் உறுதிசெய்தது. ஆயினும் பழைய கழிவுநீர் தன் கடனைத் திரும்பக் கேட்கத்தான் செய்கிறது: அந்நாளில் மரத்தில் ஏறிய கந்தகம், துருப்பிடித்த இரும்பாணிகளின் துணையோடு அமிலமாக மாறிவருவது 2000ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது; 5,000க்கும் மேற்பட்ட ஆணிகளைத் துருவேறா எஃகால் மாற்றும் பணி அதன்பின் நடந்தது.

உப்புக் குன்றிய இதே கடல் ஸ்வீடியரின் உணவிலும் தடம் பதித்துள்ளது. வெயிலும் உப்பும் குறைந்த கரையில் உப்பளம் அமைக்க வழியில்லாததால், உப்பு வெளிநாட்டிலிருந்து வந்த விலையுயர்ந்த சரக்காகவே இருந்தது. நம் கருவாட்டுக்கு உப்பைத் தாராளமாகத் தூவி வெயிலில் உலர்த்துகிறோம். வட ஸ்வீடிய மீனவரோ, அழுகாமல் தடுக்கும் அளவுக்கு மட்டும் உப்புச் சேர்த்து, பால்டிக் ஹெர்ரிங் மீனைப் பீப்பாயில் புளிக்கவிட்டனர். சூர்ஸ்ட்ரோம்மிங் எனப்படும் இந்தப் புளித்த மீன், தகர டப்பாவில் அடைத்த பின்னும் நொதித்துக்கொண்டே இருப்பதால் டப்பா உப்பிப் புடைத்துவிடும். அழுகிய முட்டையை நினைவூட்டும் அதன் நாற்றம் காரணமாக, திறந்தவெளியில் வைத்தே டப்பாவைத் திறந்து, மெல்லிய ரொட்டியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் சேர்த்து உண்கின்றனர். ஆகஸ்ட் மூன்றாம் வியாழக்கிழமை இதற்கெனவே ஒரு விருந்து நாள். ஸ்வீடியருள்ளேயே பலர் இதை அண்டுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த மீனுக்குப் பெயர்பெற்ற கரைப்பகுதி, ‘உயர்ந்த கரை’ என்று பொருள்படும் ஹோகா குஸ்தன். சுமார் மூன்று கிலோமீட்டர் தடிமனான பனிப்பாளம் கடந்த பனியூழியில் இவ்வட்டாரத்தை அழுத்தி நிலத்தையே கீழே தாழ்த்தியிருந்தது. பனி உருகிப் பாரம் நீங்கியபின் நிலம் மெல்ல மேலெழத் தொடங்கி, இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் வீதம், அதாவது ஒரு மனித ஆயுளில் அரை மீட்டருக்கும் கூடுதலாக, எழுந்துவருகிறது. ஸ்கூலே மலையில் பழைய கடற்கரையின் அடையாளம் இன்றைய கடல்மட்டத்திலிருந்து 286 மீட்டர் உயரத்தில் காணப்படுகிறது. அந்த அடையாளத்துக்கு மேலே, அலைகள் எட்டாத உச்சியில் மட்டும் மண் தங்கி, மலை காட்டைத் தொப்பியாக அணிந்திருக்கும். கீழே, அலைகள் மண்ணைக் கழுவிச் சென்றதால் வெறும் பாறை துருத்தி நிற்கும். யுனெஸ்கோ இப்பகுதியை 2000இல் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இந்த மாற்றத்தை முதலில் அளக்க முயன்றவர்களுள், வெப்ப அளவையின் வழியாக உலகம் அறிந்த ஆண்டர்ஸ் செல்சியஸும் ஒருவர். அவர் திரட்டிய சான்றுகளில் சுவையானவை பத்திரங்கள். சீல் எனப்படும் கடல்நாய்கள் நீர்மட்டத்தை ஒட்டிய தாழ்ந்த பாறைகளில் ஏறிப் படுப்பது வழக்கமாதலால், வேட்டைக்கு உதவும் அப்பாறைகள் விலைபேசி விற்கப்பட்டன. வரிக்கணக்கிலும் அவை இடம்பெற்றன. தலைமுறைகள் கடந்தபோது பாறைகள் உயர்ந்துவிட, கடல்நாய்களால் ஏற முடியாமல் போய், அவை மதிப்பிழந்தன. விற்பனைப் பத்திரத்தின் காலத்தையும் பாறையின் தற்போதைய உயரத்தையும் ஒப்பிட்டால் மாற்றத்தின் வேகம் புலப்படும் அல்லவா? 1731இல் யேவ்லே நகருக்கு அருகிலுள்ள லோவ்குருண்ட் தீவில் ஒரு பாறையின்மீது நீர்மட்டக் குறியொன்றையும் அவர் செதுக்கச் செய்தார். நிலம் எழுகிறது என்று கருதாமல் கடல்நீர் குறைகிறது என்றே அவர் விளக்கினார். அதுவும், படைப்பைப் பற்றிய மறைநூல் கணக்கோடு முரண்படுவதாகப் பாதிரிமாரின் எதிர்ப்பைத் தேடிக்கொண்டது.

வடக்கே லூலியோ என்ற துறைமுக நகரம் 1621இல் நகர உரிமை பெற்றது. நிலம் எழ எழத் துறையில் ஆழம் குன்றிக் கப்பல்கள் அணைய முடியாமல் போனதால், 1649இல் நகரம் கடலோரத்தின் வேறிடத்துக்குப் பெயர்ந்தது. பழைய இடத்தில் தேவாலயமும் அதைச் சூழ்ந்த 400க்கும் மேற்பட்ட மரக்குடில்களும் மட்டும் எஞ்சின. நெடுந்தொலைவிலிருந்து வழிபாட்டுக்கு வருவோர், ஒரே நாளில் திரும்ப முடியாததால் இரவு தங்குவதற்கென்று கட்டிக்கொண்ட குடில்கள் அவை. காம்மல்ஸ்டாட், அதாவது ‘பழைய நகரம்’ என்ற பெயரில் அவ்விடமும் உலக மரபுப் பட்டியலில் உள்ளது.

நடுஸ்வீடனில் உள்ள ஃபாலுன் செம்புச் சுரங்கத்தின் கதை இன்னும் ஆழமானது. அதன் எட்டில் ஒரு பங்கு கைமாறியதைக் குறிக்கும் 1288ஆம் ஆண்டு ஆவணம் இன்றும் உள்ளது. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் செம்புத் தேவையில் பெரும்பகுதியை இச்சுரங்கம் நிறைவேற்றியது. இரவில் பாறையை ஒட்டித் தீமூட்டி, சூட்டில் விரிசல் கண்ட பாறையைப் பகலில் பெயர்த்தெடுப்பது அக்கால முறை. திட்டமின்றிக் குடைந்த குகைகள் ஒன்றையொன்று வலுவிழக்கச் செய்ய, 1687 ஜூன் 25 அன்று சுரங்கத்தின் பெரும்பகுதி இடிந்து, இன்றும் காணப்படும் ஏறத்தாழ 100 மீட்டர் ஆழமுள்ள பெருங்குழி உருவாயிற்று. கோடை நடுநாள் திருவிழா விடுமுறையாதலால் உள்ளே எவரும் இல்லை. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

இடிபாட்டுக்குப் பின் 1719இல் நீர் நிறைந்த ஒரு பகுதியில் இளைஞர் ஒருவரின் உடல் நேற்று இறந்ததுபோல வாடாமல் கிடைத்தது. அடையாளம் சொல்ல எவராலும் இயலவில்லை; முதுமையெய்திய மார்கரெட்டா ஊல்ஸ்தோட்டர் என்ற பெண் வந்து பார்த்து, 42 ஆண்டுகளுக்குமுன் தனக்கு நிச்சயிக்கப்பட்டு, சுரங்கத்தில் காணாமல்போன மாட்ஸ் இஸ்ரேல்சோன் இவரே என்றார். நம் சித்த வைத்தியத்தில் அன்னபேதி என வழங்கும் இரும்பு உப்பு போன்ற சல்பேட்டுகள் ஊறிய சுரங்க நீரே உடலைக் காத்தது. உடலைக் காட்சிக்கு வைத்தனர். 1734இல் அங்கு வந்த இயற்கையியலாளர் லின்னேயஸ், மேலே படிந்த உப்பு போனதும் உடல் சிதையும் என்று குறித்துவைத்தார். ஜெர்மானிய எழுத்தாளர் ஹோஃப்மன் இதைக் கதையாக்கினார். அந்த உடலுக்கு நிலையான கல்லறை கிடைத்தது 1930இல்தான்.

செம்பு எடுத்தபின் எஞ்சிய கழிவுக் குவியல்கள் காலப்போக்கில் வெயில்மழையில் சிதைந்து, இரும்புத் தாது மிகுந்த காவியாக மாறின. அக்காவியைக் கழுவி, சுட்டு, அரைத்து, நீரில் கொதிக்கவைத்த மாவுக் கஞ்சியோடு அன்னபேதியும் ஆளிவிதை எண்ணெயும் சேர்த்துச் செய்யும் சாயமே ஃபாலுன் சிவப்பு. மரவீட்டுக்கு இதைப் பூசினால், செல்வர்களின் செங்கல் மாளிகை போலத் தோன்றும் என்பது தொடக்கத்தில் இருந்த ஆசை. சாயத்தில் உள்ள உலோக உப்புகள் மரம் உளுத்துப்போகாமல் காப்பதும் பின்னர் நன்கு தெரியவந்தது. இன்று ஸ்வீடன் நாட்டுப்புறத்தின் முகமாகிவிட்ட சிவப்பு வீடுகளுக்கு வாய்த்தது சுரங்கக் குப்பையின் நிறம். சுரங்கம் 1992இல் மூடப்பட்டது. சாயம் இன்னும் அங்குதான் செய்யப்படுகிறது.

செம்பு மலிந்த நாட்டில் அதன் விலையைத் தாங்கிப்பிடிக்க, அரசு 1644இல் செப்புத் தகடுகளையே நாணயமாக வெளியிட்டது. பத்து டாலர் மதிப்புள்ள தகடு ஒன்று ஏறத்தாழ 20 கிலோ எடை இருந்தது. கடன் அடைக்கச் செல்பவர் வண்டி கட்டிக்கொண்டு போகவேண்டிய நிலை. இந்தச் சுமையைத் தவிர்க்க, யோஹன் பால்ம்ஸ்ட்ரூக் நடத்திய ஸ்டாக்ஹோம் வங்கி 1661இல் ஐரோப்பாவின் முதல் காகிதப் பணத்தை வெளியிட்டது. கையிருப்புக்கு மீறி அச்சடித்ததால் சில ஆண்டுகளில் வங்கி நொடித்தது. பால்ம்ஸ்ட்ரூக்குக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் குறைக்கப்பட்டது. அந்தக் கசப்பான பாடத்துக்குப் பின் 1668இல் நாடாளுமன்றத்தின் பொறுப்பில் அமைந்த வங்கியே இன்றைய ரிக்ஸ்பேங்க். இன்று இயங்கும் மைய வங்கிகளுள் அதுவே மிகப் பழையது. தன் முந்நூறாம் ஆண்டு நிறைவையொட்டி 1968இல் அது நிறுவிய பரிசைத்தான் பொருளியலுக்கான நோபல் என்று உலகம் அழைக்கிறது. 1998இல் அமர்த்தியா சென் பெற்றதும் அதுவே.

வடதுருவ வட்டத்துக்கு அப்பாலுள்ள கிருணாவில், பழைய லூலியோவுக்கு நேர்ந்தது போன்ற இழப்பு இப்போது நம் காலத்திலேயே, திட்டமிட்டு நிகழ்ந்துவருகிறது. உலகின் மிகப்பெரிய நிலத்தடி இரும்புத்தாதுச் சுரங்கம் அந்நகரின் அடியில் சரிந்து செல்லும் தாதுப்படுகையைப் பின்தொடர்வதால் மேலுள்ள நிலம் விரிசல் காண, நகரின் மையமே சுமார் மூன்று கிலோமீட்டர் கிழக்கே பெயர்க்கப்பட்டுவருகிறது. சாமி பழங்குடியினரின் குடில் வடிவைத் தழுவி 1912இல் கட்டப்பட்ட, 672 டன் எடையுள்ள சிவப்பு மரத்தேவாலயம், 2025 ஆகஸ்டில் இரண்டு நாள்களில் முழுக்கட்டடமாகவே சக்கர மேடைகளின்மேல் ஐந்து கிலோமீட்டர் நகர்த்தப்பட்டது. அதைத் தொலைக்காட்சி இடைவிடாமல் ஒளிபரப்பியது.

அருகிலேயே பெர் கெய்யர் என்ற படுகையில், மின்வாகன மோட்டார்களுக்குத் தேவையான அருமண் தனிமங்கள் பெருமளவில் இருப்பதாகச் சுரங்க நிறுவனமான எல்.கே.ஏ.பி. 2023 ஜனவரியில் அறிவித்தது. ஐரோப்பிய அரசுகள் மகிழ்ந்தன. காப்னா வட்டாரத்துச் சாமி மேய்ப்பர்கள் மகிழவில்லை. ரெயின்டீர் எனப்படும் பனிமான்கள் கோடையில் மேற்கு மலைகளிலும் குளிர்காலத்தில் பாசி படர்ந்த கிழக்குக் காடுகளிலும் மேய்வதால், ஆண்டுதோறும் மந்தைகள் கிருணாவைக் கடந்தாக வேண்டும். இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் பழைய சுரங்கமும் ஏற்கெனவே ஒடுக்கிவிட்ட அந்த வழியைப் புதிய சுரங்கம் முற்றிலும் அடைத்துவிடும் என்பது அவர்களின் வாதம். மந்தைகளை லாரியில் ஏற்றிச் செல்வது சில இடங்களில் இப்போதே நடக்கிறது என்றாலும், வழிநெடுக மேய்ந்தபடியே நகரும் விலங்குக்கு அது தீவனத்தையும் பழகிய தடத்தையும் இழக்கச் செய்வதால், மேய்ப்பர்கள் அதை ஒரு தீர்வாகக் கருதுவதில்லை.