வாக்கியம் வளர்க்கும் விளையாட்டு

புதுதில்லி ராமகிருஷ்ணபுரத்தில், மலை மந்திர் கோயிலுக்குக் கீழுள்ள தெருக்களிலும், ஐந்தாம் செக்டாரில் தமிழ்ச் சங்கக் கட்டடத்தைச் சுற்றியுள்ள குடியிருப்புகளிலும் மாலை வேளையில் ஓடியாடும் தமிழ்க் குழந்தைகளின் பேச்சில் ஹிந்திச் சொற்கள் கலந்து வருவதைக் கேட்டு விசனப்படும் பெற்றோர் பலர்; ஆனால் சொல் இன்று வரும், நாளை போகும்; வாக்கியத்தின் முதுகெலும்பு வளைந்துவிட்டால் நிமிர்த்துவது கஷ்டம் என்பதை நினைத்துக் கவலைப்படுபவர் வெகு சிலரே.

“அம்மா சொன்னா கி நாளைக்கு லீவு” என்கிறாள் ஒரு சிறுமி; இந்தக் ‘கி’ ஹிந்தியின் இணைப்புச் சொல். செய்தியை முன்னே வைத்து, ‘ன்னு’ என்று முடிபோட்டு, சொன்ன வினையைக் கடைசியில் நிறுத்துவது தமிழின் ஸ்வபாவம்: “நாளைக்கு லீவுன்னு அம்மா சொன்னா.” அவ்வாறே “நேத்து வந்த மாமா” என்று பெயரெச்சத்தால் சுருக்கமாக முடியவேண்டியது, “யாரு நேத்து வந்தாங்களோ அந்த மாமா” என்று ஹிந்தி நடையில் நீண்டுவிடுகிறது. வினை இறுதியில் நிற்பது இரு பாஷைகளுக்கும் பொதுவாதலால் அந்த இடத்தில் பழுது நேர்வதில்லை; பழுதெல்லாம் ஒரு வாக்கியத்துக்குள் மற்றொரு வாக்கியம் புகும் வாசலில்தான். ஆகவே வீட்டு விளையாட்டும் அங்கேதான் அதிகம் நடக்கவேண்டும்.

குழந்தைக்கு இலக்கணம் தெரியாது என்று நாம் எண்ணுவது தவறு. ஸ்லோபின், பெவர் என்ற இரு மனோதத்துவ அறிஞர்கள் ஆங்கிலம், இத்தாலியம், செர்போ-குரோவாஷியம், துருக்கி ஆகிய நான்கு பாஷைகள் பேசும் சிறு குழந்தைகளிடம் பொம்மை மிருகங்களைக் கொடுத்து, சொன்ன வாக்கியத்தை நடித்துக் காட்டச் செய்து, அதன் முடிவுகளை 1982இல் வெளியிட்டார்கள். சொற்களை எந்த வரிசையில் மாற்றிச் சொன்னாலும் யார் யாரைத் தள்ளினார் என்பதை இரண்டு வயதுத் துருக்கிக் குழந்தைகளே சரியாகக் காட்டின; ஏனெனில் அந்தப் பாஷையில் செயப்படுபொருளுக்குத் தெளிவான உருபு உண்டு. வரிசையையே நம்பியிருக்கும் ஆங்கிலக் குழந்தைகளோ வரிசை மாறியதும் தடுமாறின.

தமிழும் உருபுகளால் நடக்கும் பாஷைதான். இந்தப் பரீட்சையை எந்தத் தாயும் வீட்டுத் தரையிலேயே செய்து பார்க்கலாம். ஒரு நாய்ப் பொம்மை, ஒரு பூனைப் பொம்மை போதும். “நாயைப் பூனை துரத்திச்சு” என்றால் பெரும்பாலான நாய்களின் வழக்கத்துக்கு அது விரோதம். ஆனாலும் ‘ஐ’ என்னும் சிறு உருபைக் காதால் பிடித்துக்கொண்ட குழந்தை பூனையைப் பின்னால் ஓடவிட்டுச் சிரிக்கும். அந்தச் சிரிப்பு வந்துவிட்டால் இரண்டாம் வேற்றுமையை அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, இத்தாலி யுத்தத்தில் இறங்கியதால் 1946 வரையில் இந்தியாவிலேயே தங்க நேர்ந்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் கல்விமுறையில் பெயர்ச்சொல்லுக்குக் கறுப்பு முக்கோணமும், வினைச்சொல்லுக்குச் சிவப்பு வட்டமும் அடையாளங்கள்; ‘கதவைத் திற’ என்று எழுதிய சீட்டைப் படித்த குழந்தை எழுந்து போய்க் கதவைத் திறக்கும். தமிழில் இதை விளையாடும்போது சிவப்பு வட்டத்தை முதலிலேயே பாயின் வலது ஓரத்தில் வைத்துவிட்டு, அதற்கு முன்னே யார், எதை, எங்கே, எப்போது என்று ஒவ்வொரு சீட்டாகச் சேர்த்துக்கொண்டே வரச் சொல்வது நல்லது. வாக்கியம் முன்பக்கமாக வளர்வதைக் கண்ணே கண்டுகொள்ளும்.

திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுக்களை ஏழாக வகுத்தார்கள் நம் இலக்கண ஆசிரியர்கள். அவற்றைச் சூத்திரமாக உருப்போடுவதைவிட, “மாடு வந்தான்”, “நாளைக்கு சாப்பிட்டேன்” என்று தகப்பனார் வேண்டுமென்றே உளற, குழந்தை நீதிபதி ஸ்தானத்தில் அமர்ந்து தீர்ப்புச் சொல்வது எவ்வளவோ மேல். பெரியவர்களைத் திருத்தும் அதிகாரத்தை விடக் குழந்தைக்குப் பிரியமானது வேறில்லை.

எனினும் எல்லாவற்றிலும் சிறந்தது, சாப்பாட்டு வேளையில் ஆடும் தூது விளையாட்டே. “பாட்டி வரா” என்று தொடங்குகிறாள் தாய். “பாட்டி வரான்னு அம்மா சொன்னா” என்கிறான் அண்ணன். “பாட்டி வரான்னு அம்மா சொன்னதா அண்ணா சொன்னான்” என்கிறாள் தங்கை. நாலாவது ஆளிடம் வரும்போது மூச்சு வாங்குகிறது, யாரோ ஒருவர் வினையை விழுங்கிவிடுகிறார், ஆட்டம் முறிகிறது. ‘கி’ நுழைய இங்கே இடமே இல்லை, ஏனெனில் முந்தியவர் சொன்னதை முன்னே வைத்து, அவர் சொன்னார் என்னும் வினையைப் பின்னே கட்டுவதுதான் ஆட்டத்தின் விதி. பெயரெச்சத்துக்கும் இப்படியே: “நேத்து வந்த மாமா வாங்கின பொம்மை” என்று தொடங்கி, எவ்வளவு நீளம் போகமுடியுமோ போகலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். குழந்தை “சொன்னா கி” என்றால் பேச்சை நிறுத்தி, “தப்பு, திருப்பிச் சொல்” என்று அதட்டாதீர்கள். “அப்படியா, நாளைக்கு லீவுன்னா சொன்னா?” என்று சரியான வாக்கியத்திலேயே பதில் கேட்டு, பேச்சைத் தொடருங்கள்.