உங்களுக்குத் தெரியுமா? 2.34 மணியில் நின்ற கடிகாரம்

கிரீஸ் தேசத்தின் தெற்கே, பெலொப்பொனீஸ் தீபகற்பத்து மலைகளின் மடியில் அமைந்த கலாவ்ரிதா என்னும் சிற்றூரின் தேவாலயக் கோபுரத்தில், ஒரு கடிகாரத்தின் முட்கள் இன்றைக்கும் பிற்பகல் 2.34 மணியையே காட்டி அசைவற்று நிற்கின்றன.

இரண்டாம் உலக மகாயுத்தத்தில் அத்தேசம் ஜெர்மானியர் வசப்பட்டிருந்த காலத்தில், மலைகளில் மறைந்து போரிட்ட கெரில்லாப் படையினர் தாங்கள் சிறைபிடித்திருந்த ஜெர்மன் சிப்பாய்களைக் கொன்றதற்குப் பழிவாங்கும் பொருட்டு, 1943 டிசம்பர் 13 அன்று ஜெர்மன் சேனை ஊர் ஜனங்களைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்து, ஸ்திரீகளையும் குழந்தைகளையும் அதனுள் அடைத்துவிட்டு, பாலகப் பருவம் கடந்த ஆண்கள் அனைவரையும் குன்றின் சரிவுக்கு நடத்திச் சென்று, இயந்திரத் துப்பாக்கிகளால் சுட்டு வீழ்த்தியது; கோபுரக் கடிகாரம் காட்டுவது அந்த வேளையையே. பிரேதங்களின் நடுவே கிடந்து உயிர் தப்பியவர் 13 பேரே.

தீப்பற்றி எரிந்த ஊரினூடே பள்ளியிலிருந்து வெளியேறிய தாய்மார், தங்கள் புருஷர்களையும் புத்திரர்களையும் போர்வைகளில் கிடத்தி மயானத்துக்கு இழுத்துச் சென்று, டிசம்பர் மாதக் குளிரில் இறுகிக் கிடந்த மண்ணைத் தம் கைகளாலேயே தோண்டி அடக்கம் செய்தனர். அந்தப் பள்ளிக்கூடம் இப்போது நினைவுக் காட்சிசாலையாக விளங்குகிறது.

சேனாதிபதிகளின் ஜயாபஜயங்களை எழுதிவைக்கும் சரித்திரம், அந்தத் தாய்மாரின் கைகளையும் எழுதிவைத்தல் வேண்டும்.