வாடிக்கையாளர் விவரமும் அதன் காவலும்

வியாபாரம் செய்வோர்க்கு இன்றியமையாத அறிவு இரண்டு. ஒன்று, விற்கும் பொருளைப்பற்றிய அறிவு; மற்றொன்று, வாங்கும் மக்களைப்பற்றிய அறிவு. முன்னையது தொழிற்சாலையிலே கிடைப்பது. பின்னையதோ, வியாபாரம் பெருகப் பெருகக் கைநழுவிச் செல்வது. சோப்பு, ஷாம்பு, தேயிலை, பற்பசை முதலிய அன்றாடப் பொருள்களைச் செய்யும் பெருங் கம்பெனிகள், இவ்விரண்டாம் அறிவை மீட்டும் பெறுதற்பொருட்டு இந்நாளில் கணிப்பொறியின் துணைகொண்டு பெருமுயற்சி செய்துவருகின்றன. அம்முயற்சி யாது, அஃது எவ்வாறு நடைபெறுகின்றது, அதனால் மக்கட்கு விளையும் நன்மை தீமைகள் யாவை என்பவற்றை மாணவர் அறியுமாறு சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலைப் போன்ற ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்வோம். சிற்றூர்க் கடைக்காரர் தம்மிடம் வருவோர் ஒவ்வொருவரையும் அறிவார். இன்னார் வீட்டிற் குழந்தை பிறந்துள்ளது, இன்னார்க்கு நீரிழிவு உண்டு, இன்னார் கூலி பெறும் நாளிலேதான் கடனைத் தீர்ப்பார் என்பனவெல்லாம் அவர்க்கு மனப்பாடம். ஆனால் அவர் விற்கும் சோப்பைச் செய்த கம்பெனிக்கு இவற்றுள் ஒன்றும் தெரியாது. சோப்பு தொழிற்சாலையினின்று கிடங்கிற்கும், கிடங்கினின்று விநியோகஸ்தரிடத்திற்கும், அங்கிருந்து கடைக்கும் சென்று, பின்னரே நம் கைக்கு வருகின்றது. கம்பெனியின் கணக்கிலே விநியோகஸ்தரின் பெயர் உண்டு. நம் பெயர் இல்லை.

1933இல் லீவர் பிரதர்ஸ் இந்தியா என்று தொடங்கி, 1956இல் வேறிரு கம்பெனிகளோடு இணைந்து ஹிந்துஸ்தான் லீவர் என்றாகி, 2007இல் ஹிந்துஸ்தான் யூனிலீவர் எனப் பெயர் மாறிய ஸ்தாபனம் இத்துறையிலே நம் நாட்டிற் பெரியது. கடைக்காரர்கள் விநியோகஸ்தரின் ஆள் வரும் நாளை எதிர்நோக்கியிராமல், கைப்பேசி வாயிலாகத் தாமே சரக்குக் கேட்பதற்கு ‘ஷிகர்’ என்னும் செயலியை அஃது ஏற்படுத்தியுள்ளது. பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட கடைகள் அதன்கண் சேர்ந்துள்ளன. இதனால், எந்தக் கடையில் எப்பொருள் எப்பொழுது தீர்கின்றது என்பது கம்பெனிக்கு நேரே புலனாகின்றது. வாங்கும் மக்களை நோக்கி வைக்கப்பட்ட ஓரடி இது எனலாம்.

இதற்கு நெடுநாள் முன்னரே, நம் தமிழ்நாட்டிற் கணிப்பொறியின்றி நடந்த முயற்சியொன்று உண்டு. 1983இல் கடலூரில் சி. கே. ரங்கநாதன் என்பார் தொடங்கி, பின்னாளிற் கெவின்கேர் எனப் பெயர்பெற்ற கம்பெனி, ‘சிக்’ ஷாம்புவைச் சிறு உறைகளில் அடைத்து விற்றது. வெற்றுறை ஐந்தைக் கொண்டுவந்து கொடுப்போர்க்குப் புதிய உறையொன்று இலவசம் என்று அஃது அறிவித்தது. முதலில் எந்தக் கம்பெனியின் உறையாயினும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பின்னர்ச் ‘சிக்’ உறை மட்டுமே செல்லும் என்றாயிற்று. வெற்றுறைகளை எண்ணிப் பார்ப்பவர்க்கு, எவ்வூரில் எவ்வகை ஷாம்பு விற்கின்றது என்பது தெரிந்துவிடும். ஒருவர் பெயரையும் வினவ வேண்டுவதில்லை. வியாபாரத்திற்கு வேண்டிய அறிவு வேறு, தனி மனிதரைப்பற்றிய அறிவு வேறு என்பதை இந்நிகழ்ச்சி நன்கு விளக்கும். இவ்வேறுபாட்டை மாணவர் மனத்திற் கொள்வாராக.

இனி, ஒருங்கிணைத்தல் என்பதன் இயல்பை ஆராய்வோம். ஒரு பெருங் கம்பெனியிடம் வாடிக்கையாளரைப்பற்றிய குறிப்புகள் பல இடங்களிற் சிதறிக் கிடக்கும். குறைகூறி எழுதிய கடிதம் ஓரிடத்தில். இணையத்தில் வாங்கிய பற்றுச்சீட்டு மற்றோரிடத்தில். பரிசுப் போட்டிக்கு அனுப்பிய பெயரும் முகவரியும் வேறோரிடத்தில். இவை ஒருவரையே குறிப்பன என்று கண்டு ஒன்றாகச் சேர்த்தலே ஒருங்கிணைத்தல். 1946இல் ஹால்பர்ட் டன் என்னும் அமெரிக்கர், மனிதர் ஒவ்வொருவர்க்கும் பிறப்பிற் றொடங்கி இறப்பில் முடியும் வாழ்க்கைப் புத்தகம் ஒன்று உண்டென்றும், பதிவேடுகளை இணைப்பது அதன் ஏடுகளைத் தொகுப்பது போன்றதென்றும் எழுதினார். அவர் கருதியது பொதுஜன சுகாதாரப் பதிவுகளையே. அக்கருத்தே இன்று வியாபாரத்திற்கும் வந்துள்ளது.

இவ்வேலை எளிதன்று. நம் மக்களிற் பெரும்பாலார்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் முதலெழுத்தே முன் நிற்கும். இலட்சுமி என்பார் ஓரேட்டில் லட்சுமி என்றும், மற்றோரேட்டில் லெட்சுமி என்றும் இருப்பார். ஒரு கைப்பேசியைக் குடும்பத்தார் அனைவரும் வழங்குவதும் உண்டு. ஊர்ப் பெயரும் இடர் செய்வதே. சித்தன்னவாசலை ஆங்கிலத்தில் எழுதுவோருள், எஸ் என்னும் எழுத்தால் தொடங்குவோரும் உளர். சி என்னும் எழுத்தால் தொடங்குவோரும் உளர். 1918இல் இராபர்ட் ரஸ்ஸல் பெற்ற காப்புரிமையிலிருந்து வளர்ந்த ‘சவுண்டெக்ஸ்’ என்னும் முறை, பெயரின் முதலெழுத்தை அவ்வாறே நிறுத்திப் பின்வரும் மெய்களை ஒலியினத்திற்கேற்ப எண்களாக மாற்றுவது. அதன்படி இவ்வூர் ஒருவர் கையில் எஸ் 351 என்றும், மற்றவர் கையில் சி 351 என்றும் வரும். எண்கள் ஒத்தும் முதலெழுத்து வேறாதலால், ஓரூர் ஈரூராகிவிடும்! புதுக்கோட்டை என்னும் பெயரோ இம்மாவட்டத்திலும் உண்டு, தூத்துக்குடி மாவட்டத்திலும் உண்டு. இங்கே ஈரூர் ஓரூராகிவிடும்.

பெயர் மட்டும் போதாது என்பதைப் பண்டையோரும் அறிந்திருந்தனர். சித்தன்னவாசற் குன்றில் ஏழடிப்பட்டம் என்னும் குகையிலே சமண முனிவர்க்கென அமைந்த கற்படுக்கைகள் பதினேழு உள்ளன. அவற்றுள் ஒன்றில், ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட தமிழ்ப் பிராமிச் சாசனம் காணப்படுகின்றது. அதில் முனிவரது பெயரோடு அவர் பிறந்த நாடும் ஊரும், இருக்கையைச் செய்தளித்தவர் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. ஒருவரை மற்றொருவரினின்று பிரித்தறியப் பல குறிகள் கூடவேண்டும் என்பதே இன்றைய முறைக்கும் அடிப்படை. 1969இல் கானடாவில் பெல்லெகி, சண்டர் என்னும் இருவர் இதனைக் கணிதமாக வகுத்தனர். பெயர், ஊர், பிறந்த நாள் முதலிய குறிகள் ஒவ்வொன்றின் ஒற்றுமைக்கும் ஒரு மதிப்பு அளித்து, அவற்றைக் கூட்டிப் பார்க்கவேண்டும். கூட்டுத்தொகை மிகுந்தால் இருவரும் ஒருவரே, குறைந்தால் வேறானவர், இடைப்பட்டால், மனிதர் ஒருவர் நேரிற் பார்த்துத் தீர்மானித்தல் வேண்டும். இவ்விடை நிலையை ஒழித்து, யாவற்றையும் பொறியே முடிவுசெய்க என விடுதல் தவறு. வேறொருவர் வாங்கிய பொருளை நம் பெயரில் ஏற்றிவிட்டால், அதனைத் திருத்துவார் யார்?

இதனினும் பெரிய அபாயம் ஒன்று உண்டு. சிதறிக் கிடக்கும் ஏடுகளைக் களவாடுவோன் துணுக்குகளையே பெறுவான். தொகுத்த ஏட்டைக் களவாடுவோனோ ஒரு குடும்பத்தின் அந்தரங்கத்தையே பெறுவான். ஒரு பெண் கருவுற்றிருப்பதும், ஒருவர் நோயுற்றிருப்பதும் வாங்கும் பொருள்களாற் புலப்படும். கடைக்காரரும் இவற்றை அறிவாரே எனின், அவ்வறிவு அவரது மனத்தளவில் நிற்பது. ஊராரின் முகத்தில் விழிக்கவேண்டிய நாணமும் அதற்குக் காவலாவது. கணிப்பொறியிற் புகுந்த அறிவோ நொடிப்பொழுதிற் கோடிப் பிரதியாகும். 2020இல், பெங்களூரிலிருந்து மளிகைப் பொருள் விற்கும் பிக்பாஸ்கெட்டின் வாடிக்கையாளர் இரண்டு கோடிப் பேரின் விவரங்கள் களவாடப்பட்டு விற்பனைக்கு வந்தன என்று பாதுகாப்பு ஆய்வாளர் அறிவித்தனர். கம்பெனியும் போலீசாரிடம் புகார் செய்தது. கடன் அட்டை எண்களைத் தாம் சேமித்து வைப்பதில்லை என்றும் அது தெரிவித்தது. வைக்காத பொருளைத் திருடன் கொண்டுபோதல் இயலாது. காவல் முறைகளில் தலையாயது இதுவே.

ஏனைய முறைகளுள் மூன்றைக் குறிப்போம். முதலாவது, பிரித்து வைத்தல். பெயரும் முகவரியும் ஓரறையிலும், வாங்கிய பொருள்களின் கணக்கு மற்றோரறையிலும் இருக்கவேண்டும். இரண்டையும் பொருளற்ற ஒரு குறியீடு மட்டுமே இணைக்கவேண்டும். இரண்டாவது, மறைத்து ஒப்பிடல். கைப்பேசி எண்ணை, மீட்டும் பழைய வடிவிற்குத் திருப்ப இயலாத ஒருவழி மாற்றத்திற்கு உட்படுத்தி, மாறிய வடிவங்களையே ஒப்பிடுவர். இதனைமட்டும் நம்பியிருத்தல் கூடாது. நம் நாட்டுக் கைப்பேசி எண்கள் பத்து இலக்கமுடையன. 6, 7, 8, 9 என்பவற்றுள் ஒன்றால் தொடங்குவன. ஆகவே 400 கோடிக்கு மேல் எண்கள் இருத்தல் இயலாது. அவை அனைத்தையும் மாற்றிப் பார்த்து உண்மையெண்ணைக் கண்டுபிடிக்க இக்காலப் பொறிக்கு நெடுநேரம் வேண்டுவதில்லை. ஆதலின் இரகசியத் திறவுகோல் ஒன்றையும் சேர்த்தே மாற்றுதல் வேண்டும். அத்திறவுகோலை வேறிடத்திற் காத்தல் வேண்டும். மூன்றாவது, பார்ப்போரை வரையறுத்தல். விளம்பரப் பகுதியார்க்கு மொத்தத் தொகை போதும். குறைகேட்பவர்க்கு, அவரிடம் பேசுகின்றவரின் பதிவு போதும். யார் எப்பொழுது எதனைப் பார்த்தார் என்பதும் எழுதப்படுதல் வேண்டும்.

நம் நாட்டுச் சட்டமும் இத்துறையில் முன்வந்துள்ளது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஒன்பதின்மர் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023இல் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது; அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அவை படிப்படியாக நடைமுறைக்கு வருவன. இன்ன காரியத்திற்கென்று தெளிவாக அறிவித்து, அதற்குச் சம்மதம் பெறவேண்டும் என்பது அச்சட்டத்தின் பொது விதி. தமிழுள்ளிட்ட எட்டாம் அட்டவணை மொழிகளிலும் அவ்வறிவிப்பைப் படிக்க வசதியிருத்தல் வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுதல், கொடுத்ததைப் போன்றே எளிதாயிருத்தல் வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதார் விவரத்திற்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். தக்க காவல் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். பரிசுப் போட்டிக்கென்று கொடுத்த முகவரியைப் பிறிதொன்றிற்குப் பயன்படுத்துதல் இனிச் சிறு பிழையாகாது.

இதுகாறும் கூறியவற்றால், இணைத்தலும் காத்தலும் ஒரே தொழிலின் இரு கூறுகள் என்பது விளங்கும். முன்னே இணைத்துவிட்டுப் பின்னே காவலைப்பற்றி யோசிப்போம் என்பவர், வெள்ளம் வருமுன் அணை போட மறந்தவராவர். நம் கல்லூரியிற் பயின்று வெளிச்செல்லும் மாணவர் பலர், இத்தகைய கம்பெனிகளின் ஏடுகளைக் கையாளும் உத்தியோகத்தில் அமரக்கூடும். அப்பொழுது ஒவ்வொரு விவரத்தையும் நோக்கி, ‘இஃது இக்காரியத்திற்கு இன்றியமையாததா? இதற்குரியவர் அறிந்து கொடுத்ததா?’ என்னும் இரு கேள்விகளை அவர்கள் கேட்பார்களாயின், வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் ஒருங்கே நன்மை செய்தவராவர். கணிப்பொறியின் முன்னிலையில், எழுத்தறியாத ஒரு மூதாட்டியின் பெயர் வெறும் ஒரு வரியே. அவ்வரிக்குரிய மானத்தைக் காப்பது, அப்பொறியை இயக்குவோர் கடமையாகும்.