காந்த விசையைக் கணித்தல்: சூத்திரமும் அதன் எல்லையும்

இரும்பாலைகளிலும் பழைய இரும்பு சேர்க்கும் களங்களிலும், பாரந்தூக்கியின் முனையிலே தொங்கும் மின்காந்தம் பெரும் இரும்புப் பாளங்களைத் தூக்கிச் செல்கின்றது. அது எவ்வளவு பாரத்தைத் தாங்கும் என்னும் கணிப்பு வெறும் ஏட்டுக் கணக்கன்று. அது பிழைத்தால் விலை கொடுப்பவர் அவ்விடத்தே உழைக்கும் தொழிலாளரே. ஆயினும், காந்த விசை பற்றி நம்மிற் பலர் பாடசாலையில் மனனஞ் செய்தது நேர்மாறு வர்க்க விதி ஒன்றையே. இவ்விதியைக் கொண்டு மேற்கூறிய கணக்கைச் செய்ய இயலாது. ஏன் இயலாது, வேறு எவ்வாறு செய்யலாம் என்பவற்றை இங்கு நோக்குவோம்.

1785 இல் கூலோம் இவ்விதியை முறுக்கல் தராசு கொண்டு நிறுவியபோது, நீண்டு மெலிந்த காந்தங்களையே பயன்படுத்தினார். ஒரு முனைவை ஆராயும்போது மற்றைய முனைவு தொலைவில் இருத்தல் வேண்டும் என்பதே அதன் காரணம். தனி முனைவு என்று ஒன்று இயற்கையிற் கிடைப்பதில்லை. இரு குறுங்காந்தங்களை ஒரே அச்சில் வெகு தொலைவில் வைத்தால், நான்கு முனைவுகளின் கவர்ச்சியும் தள்ளுகையும் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துவிடும். எஞ்சும் விசை தூரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்மாறாக மாறும். தூரம் இருமடங்கானால் விசை பதினாறில் ஒரு பங்காகும். காந்தங்கள் அண்மையில் இருக்கும்போதோ முனைவைப் புள்ளியாகக் கொள்வதே தவறாகிவிடும்.

அண்மை விசையைக் கணிக்க உதவுவது சக்தி பற்றிய நோக்காகும். காந்தப்புலம் நிலவும் வெளியிலே சக்தி தேங்கியுள்ளது. இடைவெளி சிறிது மாறும்போது அச்சக்தி எவ்வளவு மாறுகின்றதோ, அதுவே விசையின் அளவைத் தருகின்றது. இதிலிருந்து பெறப்படும் முடிபு எளியது. முனைமுகத்திலே காந்தப்பாய அடர்த்தி 1 தெஸ்லாவாயின், அம்முகத்தின் ஒவ்வொரு சதுர சதமமீற்றரிலும் ஏறத்தாழ 40 நியூற்றன் விசை, அதாவது ஏறக்குறைய 4 கிலோகிராம் எடை, தொழிற்படும். அடர்த்தி பாதியானால் விசை காற்பங்காகும்.

ஓர் உதாரணம் காண்போம். குதிரைலாட வடிவான மெல்லிரும்பு அகணியில் 500 சுற்றுகள் உள்ளன. மின்னோட்டம் 1 அம்பியர். முனைமுகம் ஒவ்வொன்றும் 1 சதுர சதமமீற்றர். எதிரேயுள்ள இரும்புத் தட்டுக்கும் ஒவ்வொரு முகத்துக்கும் இடையே 1 மில்லிமீற்றர் வெளி. கசிவைப் புறக்கணித்தால், பாய அடர்த்தி 0.31 தெஸ்லா, மொத்த விசை ஏறத்தாழ 8 நியூற்றன். துருவோ வர்ணப் பூச்சோ அவ்வெளியை 2 மில்லிமீற்றராக்கினால் விசை 2 நியூற்றனாகக் குறைந்துவிடும். மறுபுறம், வெளி 0.1 மில்லிமீற்றராயின் சூத்திரம் 790 நியூற்றன் என்று கூறும். இதனை நம்புதல் ஆபத்தாகும். ஏனெனில் மெல்லிரும்பு ஏறத்தாழ 2 தெஸ்லாவில் நிரம்பிவிடுகின்றது. அதன்பின் விசை 320 நியூற்றனைத் தாண்டுதல் அரிது.

இனி, நிலைக்காந்தமும் மின்காந்தமும் எதிரெதிரே நிற்கும் நிலையை நோக்குவோம். இரும்பு நிரம்பாதவரை இங்கு விசை மூன்று பகுதிகளின் கூட்டாகும். முதலாவது, நிலைக்காந்தம் அகணியின் இரும்பைக் கவரும் விசை. இது மின்னோட்டத்தைச் சாராதது. இரண்டாவது, காந்தத்துக்கும் சுருளுக்கும் இடையிலானது. இது மின்னோட்டத்துக்கு நேர்விகிதசமமானது, மின்னோட்டம் திசை மாறினால் இதுவும் திசை மாறும். மூன்றாவது, சுருளின் சொந்தப் புலத்தால் எழுவது. இது மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும்.

இப்பாகுபாடு பல புதிர்களை விடுவிக்கின்றது. ஒலிபெருக்கியின் சுருளில் இரும்பு அகணி இல்லை. ஆதலின் அங்கு இரண்டாம் பகுதியே மேலோங்கி, ஒலியலையின் வடிவம் பெரிதும் சிதையாது பேணப்படுகின்றது. மின்காந்தம் சாதாரண இரும்பைக் கவரும்போது மூன்றாம் பகுதி மட்டுமே உண்டு. மின்னோட்டத்தின் திசை எதுவாயினும் அது கவரவே செய்யும். ஒத்த முனைவுகள் எதிர்ப்பட மின்காந்தத்தை இயக்கிய பின்னரும் நிலைக்காந்தம் அதனோடு ஒட்டிக்கொள்வதைக் கண்டு மாணவர் வியப்பதுண்டு. முதற்பகுதியின் கவர்ச்சியை இரண்டாம் பகுதி மிஞ்சும்வரை தள்ளுகை தோன்றாது என்பதே விடை. 1980களில் உருவான நியோடிமியக் காந்தங்கள் மிக வலியன. அவற்றுக்கு எதிரே இம்முதற்பகுதி பெரிதாதலால், இதனைக் கணக்கில் விடுதல் பெரும் பிழையாகும்.

1825 இல் வில்லியம் ஸ்ரேஜன் செய்த மின்காந்தம் 7 அவுன்ஸ் எடையுடையதாயிருந்தும் 9 இறாத்தலைத் தூக்கியது. அவர் செருப்புத் தொழில் பயின்று, படைவீரராயிருந்து, தாமே கற்றுத் தேறியவர். மதுவடிக்கும் குடும்பத்தில் வந்த ஜூலே, 1840 ஐ அண்டிய ஆண்டுகளில், மின்னோட்டத்தைக் கூட்டக்கூட விசை எல்லையின்றி வளர்வதில்லை எனப் பரிசோதனையாற் கண்டவர். சூத்திரத்தின் எல்லையை உணர்த்தியது செயலே. ஆகவே, கணித்த விசையை விற்றராசு கொண்டு அளந்து, அதற்கு வெகு கீழான பாரத்தையே அனுமதித்தல் வேண்டும். எந்நிலைமைகளிற் பொருந்தும் என்று அறியாது மனனஞ் செய்யப்பட்ட விதி அறிவாகாது.