நிலக்கரியும் ஆதியாகமமும்

நெய்வேலியின் திறந்தவெளிச் சுரங்கங்களில் வெட்டியெடுக்கப்படும் பழுப்பு நிலக்கரி, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இப்பிரதேசத்தில் செழித்திருந்த விருட்சங்கள் மண்ணுள் புதைந்து, அழுத்தத்தாலும் உஷ்ணத்தாலும் உருமாறியதால் விளைந்தது என்று பூகர்ப்ப சாஸ்திரம் கூறுகிறது. விவிலிய வம்சாவளிகளைக் கொண்டு சிருஷ்டியின் ஆண்டு கி.மு. 4004 என்று பதினேழாம் நூற்றாண்டில் கணித்த பேராயர் அஷரை அட்சரம் பிசகாமல் நம்புவோருக்கு, இந்தக் கரி சங்கடமான சாட்சிதான்.

ஆயினும் கிறிஸ்தவ உலகம் முழுவதும் அவர் பக்கம் நிற்கவில்லை. பூமியின் வயதைப் போலவே சிருஷ்டிக் கதையோடு மோதும் பரிணாமக் கொள்கையிலும் இதைக் காணலாம்: மனித சரீரத்தின் பரிணாமத்தை ஆராய்வதற்கு 1950-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் தடை கூறவில்லை. பரிணாமம் வெறும் ஊகத்திற்கு மேற்பட்டது என்று 1996-இல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பாலே ஒப்புக்கொண்டார். அமெரிக்காவிலோ, 1925-இல் டென்னஸியில் பரிணாமம் போதித்த ஆசிரியர் ஸ்கோப்ஸுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. பரிணாமத்தோடு சிருஷ்டிவாதத்தையும் போதித்தாக வேண்டுமென்ற லூயிசியானா சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ய 1987 வரை காலம் பிடித்தது.

நம் தேசத்தின் விசித்திரம் வேறு. எந்தப் பாதிரியாரும் வழக்காடாமலே, மாணவர் சுமையைக் குறைப்பதாகச் சொல்லி, பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தினின்று என்.சி.இ.ஆர்.டி. பரிணாமப் பகுதியை நீக்கிற்று. 2023-இல் 1,800-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் ஆட்சேபித்துக் கையொப்பமிட்டனர். மேல்வகுப்பில் உயிரியலை எடுக்காத பிள்ளை, பரிணாமத்தைப் படிக்காமலே பள்ளியை விட்டு வெளியேற நேரும் என்பதால், அந்த நீக்கம் தவறு.